வெனிஸுக்கும் ட்ரியெஸ்டுக்கும் நடுவே

1901, வசந்த காலம். இத்தாலியாக ஆடுபவரும் ஆஸ்திரியாவாக ஆடுபவரும் அறையின் மூலையில் ஒதுங்கிக் குசுகுசுவென்று பேசுகிறார்கள். “நான் வெனிஸிலிருந்து நகரமாட்டேன். நீயும் ட்ரியெஸ்டிலிருந்து இந்தப் பக்கம் வராதே. சேர்ந்து துருக்கியை ஒரு கை பார்ப்போம்.” கை குலுக்கிவிட்டு மேசைக்குத் திரும்பி, ஆளுக்கொரு சீட்டில் எழுதிப் போடுகிறார்கள். எல்லாச் சீட்டுகளையும் பிரித்து வாசிக்கிறார்கள். பேச்சை நம்பிய ஆஸ்திரியா, ட்ரியெஸ்டில் நின்ற தன் கப்பலை அல்பேனியாவுக்கு அனுப்பியிருக்கிறது. காலியான ட்ரியெஸ்டுக்குள் இத்தாலியின் படை நுழைந்திருக்கிறது. அந்த நேரத்தில் ஆஸ்திரியாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

ஆட்டத்தின் பெயர் ‘டிப்ளமசி’. ராஜதந்திரம் என்று பொருள். முதல் உலகப் போருக்கு முந்தைய ஐரோப்பாவின் வரைபடம்தான் பலகை. இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஆஸ்திரியா-ஹங்கேரி, ரஷ்யா, துருக்கி என ஏழு வல்லரசுகளுக்கு ஏழு பேர். வரலாறு 1901 வரை வந்து நின்றுவிடும். அதற்குமேல் நடப்பதெல்லாம் மேசையைச் சுற்றி இருப்பவர்கள் எழுதுகிற, நடக்காத வரலாறு.

வரைபடத்தில் 34 இடங்களுக்குக் குறி உண்டு. படைக்குப் படியளக்கிற ஊர்கள் அவை. எத்தனை ஊர் கையில் இருக்கிறதோ அத்தனை படை வைத்துக்கொள்ளலாம். 18 ஊரைப் பிடித்தவர் ஜெயித்தார். ரஷ்யாவுக்கு மட்டும் தொடக்கத்தில் நான்கு படை, மற்றவர்களுக்கு மும்மூன்று. தரைப்படையோ கடற்படையோ, ஒவ்வொன்றின் பலமும் சரியாக ஒன்றுதான். ஒன்றும் ஒன்றும் மோதினால் இரண்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். பிறகு எப்படித்தான் முன்னேறுவது? பக்கத்தில் இருக்கும் இன்னொரு படை தோள் கொடுக்க வேண்டும். அப்போது பலம் இரண்டாகும், எதிரே நிற்கும் ஒன்று பின்வாங்கும். தோள் கொடுக்கும் படை உங்களுடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை. அடுத்த நாட்டுக்காரனும் உங்களுக்குத் தோள் கொடுக்கலாம். மூன்று படையை வைத்துக்கொண்டு தனியாக யாரையும் அசைக்க முடியாதவனுக்கு அடுத்தவனுடைய தோள்தான் மூலதனம்.

பகடை கிடையாது, சீட்டுக் குலுக்கல் கிடையாது, அதிர்ஷ்டத்துக்குத் துளியும் இடம் கிடையாது. சகுனியின் பகடைக்கு இங்கே வேலையில்லை, அவர் நாக்குக்குத்தான் வேலை. ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் யாரும் யாரோடும் தனியாகப் பேசலாம், எதை வேண்டுமானாலும் வாக்களிக்கலாம். வாக்கைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை.

இதைவிட முக்கியமான நுட்பம், ஏழு பேரின் கட்டளைகளும் ஒரே நேரத்தில் திறக்கப்படுவது. சதுரங்கத்தில் நீங்கள் காயை நகர்த்திய பிறகு நான் யோசிப்பேன். இங்கே நீங்கள் என்ன எழுதியிருப்பீர்கள் என்று நான் ஊகிக்க வேண்டும். நான் என்ன ஊகிப்பேன் என்பதை நீங்கள் ஊகிக்க வேண்டும். சதுரங்கத்தில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் முதல் நகர்வு முடியும்போது 400 நிலைகள்தான் சாத்தியம். இங்கே 22 படைகள். படைக்கு ஐந்து வழி என்று தோராயமாக வைத்துக்கொண்டாலும், முதல் சுற்றுக் கட்டளைகளின் சேர்க்கை சுமார் 24 கோடி கோடி. இதையெல்லாம் எண்ணிப் பார்த்து ஆட மூளையால் ஆகாது. ஆகவே மனிதன் தனக்குத் தெரிந்த ஒரே குறுக்குவழியைப் பிடிக்கிறான்: பக்கத்து நாட்டுக்காரனிடம் போய், “என்ன செய்யப் போகிறாய்?” என்று கேட்கிறான்.

இந்த ஆட்டத்தை உருவாக்கியவர் ஆலன் கால்ஹாமர், அமெரிக்கர். இல்லினாய் மாநிலத்தின் லா கிரேஞ்ச் பார்க்கில் வளர்ந்தவர். சிறுவயதில் வீட்டுப் பரணில் ஒரு பழைய புவியியல் புத்தகம் அவர் கையில் கிடைத்தது. அதில் இருந்த ஐரோப்பாவில் ஆஸ்திரியா-ஹங்கேரி இருந்தது, உதுமானியப் பேரரசு இருந்தது. அவர் வாழ்ந்த உலகில் அவை இல்லை. பிறகு ஹார்வர்டில் படித்தபோது, முதல் உலகப் போரின் மூலகாரணங்களை ஆராய்ந்து 1928ல் பெருநூல் எழுதிய சிட்னி ஃபே அவருக்கு ஆசிரியர். ரகசிய உடன்படிக்கைகளின் பின்னல் ஐரோப்பாவைப் போருக்கு இழுத்துச்சென்ற கதை அந்த நூலில் விரிகிறது. 1954ல் ஆட்டம் தயாரானது. கம்பெனிகள் கைவிரிக்கவே, 1959ல் சொந்தக் காசில் 500 பிரதி அச்சிட்டார் கால்ஹாமர்.

பலமுறை ஆடியவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ஆடுகிற ஆள் மாறினாலும் பகை மாறுவதில்லை. ரஷ்யாவும் துருக்கியும் கருங்கடலுக்காக உரசிக்கொள்கின்றன. இங்கிலாந்தும் பிரான்ஸும் ஆங்கிலக் கால்வாயில் யாரும் கப்பல் விடக் கூடாது என்று பேசிவிட்டு, இரவெல்லாம் தூங்காமல் கிடக்கின்றன. மூலையில் இருக்கும் இங்கிலாந்தையும் துருக்கியையும் ஒழிப்பது கடினம். நடுவில் மாட்டிக்கொண்ட ஆஸ்திரியாதான் பெரும்பாலும் முதல் பலி. நேற்றுவரை நண்பர்களாக இருந்த இருவரை இத்தாலியிலும் ஆஸ்திரியாவிலும் உட்காரவைத்தால் அரை மணி நேரத்தில் சந்தேகம் முளைத்துவிடும். காரணம் குணம் அல்ல, வரைபடம். இரு வெவ்வேறு வல்லரசுகளின் சொந்த ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பது பலகையில் ஒரே ஓர் இடத்தில்தான்: வெனிஸும் ட்ரியெஸ்டும்.

எல்லை தொடுகிறவன் இயல்பாகவே எதிரி, எதிரிக்கு அந்தப் பக்கம் இருப்பவன் இயல்பாகவே நண்பன் என்று மண்டலக் கோட்பாட்டில் கௌடில்யர் சொன்னது இதைத்தான். அந்தக் கோட்பாட்டில் அவர் முதலில் பார்த்தது மன்னர்களின் மனத்தை அல்ல, வட்டம் வட்டமாக விரியும் நிலத்தைத்தான்.

உண்மை வரலாறும் ட்ரியெஸ்டைச் சுற்றித்தான் நடந்தது. 1882 முதல் இத்தாலி, ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் கூட்டாளி. ஆனால் ஆஸ்திரியாவின் கையில் இருந்த ட்ரியெஸ்டின் மேல் இத்தாலிக்கு ஒரு கண். 1915 ஏப்ரலில் லண்டனில் ஒரு ரகசிய உடன்படிக்கை கையெழுத்தானது. கட்சி மாறினால் ட்ரியெஸ்ட் உனக்கு என்று இங்கிலாந்தும் பிரான்ஸும் ரஷ்யாவும் இத்தாலிக்கு வாக்களித்தன. மே மாதம் இத்தாலி தன் பழைய கூட்டாளியின்மேல் போர் அறிவித்தது. ட்ரியெஸ்டுக்கு வடமேற்கே ஐசோன்ஸோ ஆற்றங்கரையில் பன்னிரண்டு சண்டைகள் நடந்தன. 1917ல் ஆட்சியைப் பிடித்த போல்ஷெவிக்குகள் ஜார் காலத்து ரகசிய ஒப்பந்தங்களை அச்சிட்டு வெளியிட்டபோதுதான் லண்டன் பேரம் சந்திக்கு வந்தது. ட்ரியெஸ்ட் இன்றைக்கும் இத்தாலியில்தான் இருக்கிறது.

ஆனால் வரைபடம் மட்டுமே விடை என்றால் ஆட்டம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி முடிய வேண்டுமே? அப்படி முடிவதில்லை. இங்கேதான் முக்கோணக் கணக்கு வருகிறது. நண்பனின் நண்பன் நண்பன், எதிரியின் எதிரியும் நண்பன். இது திண்ணைப் பேச்சுபோலத் தோன்றும். உளவியலாளர் ஃப்ரிட்ஸ் ஹைடர் 1940களில் இதை ஒரு கோட்பாடாக வைத்தார். மூவர் உறவில் எல்லோரும் நண்பர்கள் என்றால் நிம்மதி. இருவர் நண்பர்கள், மூன்றாமவர் பொது எதிரி என்றாலும் நிம்மதிதான். ஒருவருக்கு இரு நண்பர்கள் இருந்து அவர்களுக்குள் ஆகாது என்றால் இழுபறி. மூவருக்கும் ஒருவரையொருவர் ஆகாது என்றாலும் இழுபறி, எப்படியும் இருவர் சேர்ந்துகொள்ளப் பார்ப்பார்கள். 1956ல் கார்ட்ரைட், ஹராரி என்ற இருவர் இதன் கணித விளைவை நிறுவினார்கள். எல்லா முக்கோணங்களும் நிம்மதியாக இருக்க வேண்டுமென்றால், ஒன்று எல்லோரும் நண்பர்களாக இருக்க வேண்டும், அல்லது உலகம் இரண்டே முகாம்களாகப் பிளந்திருக்க வேண்டும். மூன்றாவது வழி இல்லை.

இந்தக் கணக்கைச் சில இயற்பியலாளர்கள் 2006ல் பழைய ஐரோப்பாவின்மேல் வைத்துப் பார்த்தார்கள். ஆறு வல்லரசுகள், 1872 முதல் 1907 வரை. முதலில் ஜெர்மனி, ஆஸ்திரியா, ரஷ்யா மூன்றின் பேரரசர்களும் ஒரே கூட்டில். ரஷ்யாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் ஒத்துவரவில்லை. 1890ல் ஜெர்மனி ரஷ்யாவுடனான உடன்படிக்கையைப் புதுப்பிக்காமல் விட்டது. 1894க்குள் ரஷ்யா பிரான்ஸின் பக்கம் போய்விட்டது. 1904ல் பிரான்ஸும் இங்கிலாந்தும் பழைய பகையை மூட்டைகட்டி வைத்தன. 1907ல் இங்கிலாந்தும் ரஷ்யாவும் கை குலுக்கின. இந்த மாற்றங்களின் ஊடே இழுபறி முக்கோணங்கள் உதிர்ந்து, கடைசியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மும்மூன்று நாடுகளாக இரண்டு முகாம். கணக்கின்படி பூரண சமநிலை. ஏழே ஆண்டுகளில் உலகப் போர் வந்தது. எனக்கு இதில் திகைப்பூட்டுவது, ஒவ்வொரு நாடும் தன் மனக் குழப்பத்தைக் குறைத்துக்கொள்ள எடுத்த நியாயமான முடிவுகளே அங்கே கொண்டுபோய் விட்டன என்பதுதான்.

டிப்ளமசிப் பலகையில் ஏழு பேருக்கு 21 உறவுகள், 35 முக்கோணங்கள். எது முதலில் சாய்கிறதோ அதைப் பொறுத்து மற்றவை சாயும். அதனால்தான் இன்றைய ஆட்டம் நேற்றைய ஆட்டம்போல இருப்பதில்லை.

சரி, முதுகில் குத்தப்போகிறவனை முன்கூட்டியே அடையாளம் காண முடியுமா? 2015ல் சில அமெரிக்க ஆய்வாளர்கள் இணையத்தில் நடந்த டிப்ளமசி ஆட்டங்களின் உரையாடல்களை எடுத்து ஆராய்ந்தார்கள். துரோகம் நெருங்கும்போது இருவர் பேச்சுக்கு இடையே இருந்த சமன் திடீரென்று குலைகிறது. குத்தப்போகிறவரின் பேச்சில் இனிமை கூடுகிறது. அடுத்து இதைச் செய்வோம், அதற்கப்புறம் அதைச் செய்வோம் என்று எதிர்காலத் திட்டம் அதிகம் பேசுபவரோ, குத்து வாங்கப்போகிறவர்! அந்தச் சொற்களை வைத்து ஊகித்த கணினி நிரல் 57 சதவீதம் சரியாகச் சொன்னது. குறைந்த வெற்றிதான். ஆனால் அந்த உரையாடல்களில் பேசி, குத்து வாங்கியவர்களுக்கு அந்த அளவுகூட முன்கூட்டியே தெரிந்திருக்கவில்லை.

2022 நவம்பரில் மெட்டா நிறுவனம் ‘சிசரோ’ என்ற செயற்கை நுண்ணறிவை அறிமுகம் செய்தது. இணையத்தில் முகம் தெரியாத 82 பேரோடு 40 ஆட்டம் ஆடி, ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டம் ஆடியவர்களில் முதல் பத்து சதவீதத்துக்குள் வந்தது. சதுரங்கத்தை எப்போதோ வென்றுவிட்ட கணினிக்கு இது ஏன் பெரிய செய்தி? மனிதரோடு பேசி, அவரைச் சம்மதிக்கவைத்து, அவருடைய தோளை வாங்க வேண்டும் என்பதால். முதலில் என்ன செய்வதென்று முடிவெடுத்து, அந்த முடிவுக்கு ஒத்த பேச்சைப் பேசும்படி அதை வடிவமைத்தார்கள். பெரும்பாலும் நேர்மையாகவே நடந்துகொள்ளும் என்றார்கள். 2024ல் வேறு ஆய்வாளர்கள் அந்த ஆட்டங்களின் பதிவுகளைக் கிளறினார்கள். பிரான்ஸாக ஆடிய சிசரோ, வடகடலுக்குள் நுழைவதென்று ஜெர்மனியோடு பேசி முடித்தது. பிறகு இங்கிலாந்திடம் போய், வடகடலுக்குள் யார் வந்தாலும் உன்னைக் காப்பேன் என்று சொல்லியிருந்தது. இன்னொரு சமயம் பத்து நிமிடம் செயலிழந்து திரும்பிவந்த சிசரோவிடம், எங்கே போனாய் என்று ஒருவர் கேட்டார். காதலியோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன் என்றது அது!

இன்றைக்கு இந்தக் கற்பனை வரலாற்றுப் போர்கள் கணினித் திரையில் பிரம்மாண்டமாக நடக்கின்றன. ‘யுரோப்பா யுனிவர்சாலிஸ் 4’ ஆட்டம் 1444 நவம்பர் 11ல் தொடங்குகிறது. உலகமே அதில் இருக்கிறது. நம் விஜயநகரமும் இருக்கிறது, விரும்பினால் அதன் சார்பில் ஆடலாம். யார் யார் உங்கள் போட்டியாளர்கள் என்று மூன்று நாடுகளைப் பட்டியலில் சேர்க்கலாம். அளவுக்கு மீறி நிலத்தை விழுங்கினால் அக்கம்பக்கத்து நாடுகள் உங்களுக்கு எதிராகக் கூட்டணி கட்ட விதியே வழிசெய்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த விதி முக்கியமாகக் கணினி நடத்தும் நாடுகளுக்குத் தேவைப்படுகிறது. மனிதர்கள் மோதுகிற மேசையில் ஒருவர் 12, 13 ஊர் என்று வளரத் தொடங்கியதும், அதுவரை ஜென்மப் பகையாக இருந்த இருவர் தாமாகவே மூலைக்கு ஒதுங்கிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். கால்ஹாமர் இதற்கென்று ஒரு வரி விதிகூட எழுதவில்லை.

ஏழு பேரை ஒரே அறையில் ஒரு முழுநாள் உட்காரவைப்பது கஷ்டம். அதனால் 1963ல் நியூயார்க்கின் புரூக்ளினைச் சேர்ந்த ஜான் போர்டுமன், டிப்ளமசியைத் தபாலில் ஆடவைத்தார். கட்டளைகள் கடிதத்தில் வரும், அடுத்த சுற்றின் நிலவரம் அச்சிட்ட தாளில் போகும். ஓர் ஆட்டம் முடிய ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு ஆகும். பார்த்தேயிராத ஊர்க்காரர்கள் உறையில் பொய்யை மடித்துவைத்து முத்திரை ஒட்டி அனுப்பிக்கொண்டார்கள். ஆட்டத்தை உருவாக்கிய கால்ஹாமருக்கு அதிலிருந்து பெரிய செல்வம் ஒன்றும் சேரவில்லை. லா கிரேஞ்ச் பார்க்குக்கே திரும்பிவந்து, ஓய்வு பெறும்வரை அங்கே தபால்காரராக வேலை பார்த்தார். 2013ல் காலமானார்.