உஷார்! அம்பாசடருக்கு டபுள் சைலன்சரா?

வீட்டில் பழைய அம்பாசடரோ பிரீமியர் பத்மினியோ வைத்திருக்கும் களக்காட்டுக்காரர்கள் கவனத்துக்கு. “பின்னால ரெண்டு குழாய் விட்டா கெத்தா இருக்கும் அண்ணாச்சி, பிக்கப்பும் ஏறும்” என்று யாராவது சொன்னால், உடனே சாவியை நீட்டிவிடாதீர்கள். கெத்து ஏறலாம், பிக்கப் ஏறாது. கூடவே மூன்று வினை வந்து சேரும்: வண்டிக்குள் விஷவாயு, வண்டிக்கு அடியில் நெருப்பு, ஆர்டிஓ ஆபீஸில் வில்லங்கம்.

இரண்டு குழாய் யாருக்கு?

டபுள் சைலன்சருக்கு உண்மையான வேலை இருப்பது வி-8 எஞ்சினில். பழைய அமெரிக்கச் செவர்லே, ஃபோர்டு வண்டிகளில் பார்க்கலாம். எட்டு சிலிண்டரும் இடம் நாலு, வலம் நாலாக நிற்கும். இரு பக்கத்துக்கும் தனித்தனி மேனிஃபோல்டு, அதனால் தனித்தனிக் குழாய். இரு பக்க அழுத்தமும் சமப்பட நடுவில் ஒரு குறுக்குக் குழாய் வேறு.

அம்பாசடரில் நெடுங்காலம் ஓடியது 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். நாலு சிலிண்டரும் ஒரே வரிசை. புகை வெளியேற மூன்றே வாசல்தான், நடு சிலிண்டர் இரண்டுக்கும் பொது வாசல். மூன்றும் ஒரே மேனிஃபோல்டில் கூடி ஒரே குழாயில் இறங்குகின்றன. பத்மினியின் 1089 சிசி எஞ்சினிலும் நாலு சிலிண்டர் ஒரே வரிசைதான். இந்தக் குழாயின் வால்பக்கத்தை வெட்டிக் கவட்டை போலப் பிரித்து வெல்டிங் வைத்தால் என்ன கிடைக்கும்? ஒரு மடைத் தண்ணீரை இரண்டு வாய்க்காலில் திருப்பிவிட்டால் பச்சையாற்றில் தண்ணீர் கூடிவிடுமா?

பிக்கப் ஏறாதது மட்டுமல்ல, குறையவும் செய்யும். குழாய்க்குள் வேகமாகப் பாயும் புகை, பின்னால் வரும் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். குழாயின் மொத்த அகலம் தேவைக்கு மேல் போனால் அந்த வேகம் செத்துவிடும். குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை குறையும். மலைப்பாதையில் தலையணைக்கு ஏறும்போது எந்த இழுவை வேண்டுமோ, அதில்தான் கை வைக்கிறீர்கள்.

“யெஸ்டி பைக்குக்கு ஒரு சிலிண்டர்தானே, ரெண்டு சைலன்சர் இருந்ததே?” என்று கேட்பீர்கள். மைசூரு ஆலையிலிருந்து வரும்போதே அந்தச் சிலிண்டரில் புகைக்கு இரண்டு வாசல் இருந்தது. உங்கள் அம்பாசடரில் அப்படி எதுவும் இல்லை.

முதல் ஆபத்து மூச்சுக்கு

பழைய கார்ப்பரேட்டர் வண்டியில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கிடையாது. ஐட்லிங்கில் கார்பன் மோனாக்ஸைடு 3 சதவீதம் வரை போகலாம் என்று புகைப் பரிசோதனை விதியே பழைய நாலு சக்கர வண்டிகளுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது. பிஎஸ்-4 வண்டிக்கு அந்த வரம்பு 0.3 சதவீதம். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி என்று தொடங்கி மயக்கத்தில் கொண்டுபோய் விடும்.

டபுள் சைலன்சர் போட்டால் புதிய வெட்டு, புதிய வெல்டிங், புதிய கிளாம்ப் என்று கசியும் இடங்கள் பெருகும். மேலே இருப்பதோ துருவேறி ஓட்டை விழுந்த தரைத்தகடு. மாப்பிள்ளை ஊர்வலத்தை நினைத்துப் பாருங்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு, எஞ்சின் ஐட்லிங்கில் உறும, வண்டி நடை வேகத்தில் நகர்கிறது. பின்சீட்டில் பொண்ணும் மாப்பிள்ளையும். “களைப்பு, அதான் தலையைச் சுத்துது” என்று யாரும் அலட்சியமாக விடக் கூடாது. உடனே எஞ்சினை நிறுத்திக் கதவைத் திறந்து ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள்.

இரண்டாவது நெருப்பு

ஒற்றைக் குழாய்க்கென்று அமைத்த அடிப்பாகத்தில் மறுபக்கம் சும்மா கிடக்கவில்லை. பெட்ரோல் டியூப், பிரேக் பைப், ஹேண்ட்பிரேக் கேபிள், பட்டை ஸ்பிரிங் எல்லாம் அங்கே எங்கோ ஓடுகின்றன. புதுக் குழாயை இவற்றுக்கு ஒட்டிக் கொண்டுபோனால் ரப்பர் இளகும், பெட்ரோல் கசியும். பிறகு ஒரு பொறி போதும். குழாய் தாழ்ந்து தொங்கினால் ஸ்பீடு பிரேக்கருக்கு ஸ்பீடு பிரேக்கர் இடிக்கும், வெல்டிங் விடும்.

நம் ஊருக்கு இன்னொரு கவலையும் உண்டு. 1988 முதல் இது புலிகள் காப்பகத்தின் வாசல், தமிழ்நாட்டிலேயே முதல் புலிகள் காப்பகம். மாசி, பங்குனியில் காய்ந்து நிற்கும் புல்மேல் சூடான குழாயோடு வண்டியை நிறுத்தினால் அடிவாரமே பற்றிக்கொள்ளலாம்.

துருவையும் மறக்க வேண்டாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. ஒரே குழாயில் போகும் சூடு இரண்டாகப் பிரிந்தால் இரண்டும் சரியாகச் சுடாது. ஆவி உள்ளேயே தண்ணீராகத் தங்கும். கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடுகிற வண்டியில் இரும்புக் குழாய் உள்ளிருந்தே அரிக்கும்.

எஞ்சினும் தப்பாது. புகைவழி திறந்துவிட்டால் கலவையில் காற்று கூடி பெட்ரோல் குறையும். இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலும் அதே திசையில்தான் தள்ளும். கார்ப்பரேட்டர் ஜெட்டை மாற்றாமல் ஓட்டினால் பிளக் வெளுக்கும், வால்வு கருகும்.

மூன்றாவது சட்டம்

கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தம், புகை விதியை மீறி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ வரலாம், லைசென்ஸும் மூன்று மாதம் முடங்கும். 15 வருடம் தாண்டிய காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்கும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்ப்பார்.

50 வயது கடந்த வண்டிக்கு 2021 விதிப்படி ‘விஏ’ வரிசையில் வின்டேஜ் பதிவு வாங்கும் ஆசை இருக்கிறதா? சேஸிஸ், பாடி, எஞ்சின் பெரிய மாற்றமில்லாமல் பழையபடி இருக்க வேண்டும். குழாய்க்காக அடிச்சட்டத்தில் வெட்டும் ஓட்டையும் விழுந்தால் அந்த வாசல் அடைபடலாம்.

அப்படியானால் எதை எடுப்பது?

நாலு சிலிண்டர் வண்டிக்குப் பழைய அளவிலேயே ஒற்றைக் குழாய். துருவுக்குப் பயந்தால் அதே அளவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்யச் சொல்லுங்கள். மேனிஃபோல்டு பேக்கிங், தொங்கும் ரப்பர், கிளாம்ப் எல்லாம் புதிதாகப் போடுங்கள். உண்மையிலேயே வி-8 வைத்திருக்கும் பாக்கியவான், அந்த மாடலுக்குக் கம்பெனி டபுள் கொடுத்திருந்ததா என்று கையேட்டில் பார்த்து, குறுக்குக் குழாயோடு போடட்டும்.

ஏற்கெனவே மாட்டியாகிவிட்டதா? காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது திறந்தவெளியில் ஸ்டார்ட் செய்யுங்கள். கனத்த துணியால் வால்குழாயை ஒரு கணம் அமுக்கினால், கசியும் இணைப்பில் ‘புஸ்’ என்று கேட்கும். இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருந்தாலும் கசிவுதான். அதைச் சரிசெய்யாமல் யாரையும் ஏற்றாதீர்கள்.

ஊர்வலம் போகையில் ஊரே திரும்பிப் பார்க்க வேண்டுமா? நையாண்டி மேளத்துக்குச் சொல்லிவிடுங்கள். சைலன்சரில் கை வைக்காதீர்கள்.