திமிங்கிலம் பார்க்கப் போகிறீர்களா?

ஓசூர்ப் பக்கத்து நேயர்களுக்கு யானையைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. மழை ஓய்ந்து, கேழ்வரகுக் கதிர் முற்றத் தொடங்கியதோ இல்லையோ, கர்நாடகத்துப் பன்னர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் தளி, ஜவளகிரி வழியாக வந்து சேர்ந்துவிடும். ஆனால் அவர்களிடமே, "திமிங்கிலம் பார்த்ததுண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். "கடலே இல்லாத ஊரில் திமிங்கிலத்துக்கு எங்கே போவது, ஸார்?" என்று சிரிப்பார்கள்.

சிரிக்க வேண்டாம். பெங்களூரில் விமானம் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் கொழும்பு. அங்கிருந்து மோட்டாரில் தெற்கே போனால், மாத்தறைக்கு அருகில் மிரிசா என்ற கடற்கரை ஊர். மறுநாள் காலையில் படகு ஏறினால், உலகத்திலேயே மிகப் பெரிய பிராணியான நீலத் திமிங்கிலத்தைப் பார்த்துவிடலாம், அது மனம் வைத்தால்!

கரடியும் காட்டும் படகு

இப்படிப் படகில் போய்ப் பிராணிகளைப் பார்ப்பது வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் பெரிய தொழில். கனடாவில், வான்கூவர் தீவிலுள்ள டொஃபினோ என்ற சிற்றூரில், ஒரே துறையிலிருந்து திமிங்கிலம் பார்க்கவும் கிளம்புகிறார்கள்; கரடி பார்க்கவும் கிளம்புகிறார்கள். கடல் வற்றும் நேரத்தில் கருங்கரடி கரைக்கு இறங்கி வரும். கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, அடியில் ஒளிந்திருக்கும் நண்டுகளைப் பொறுக்கித் தின்னும். நம் வீட்டுப் பாட்டி முறத்தில் அரிசியை வைத்துக் கொண்டு கல் பொறுக்குவாளே, அத்தனை நிதானம்! தொலைவில் சத்தமில்லாமல் நிற்கும் படகை அது லட்சியம் செய்வதில்லை. படகுப் பயணத்தின் ரகசியமே அந்தத் தொலைவுதான்.

கரடி நம் மேலகிரி மலைகளிலும் உண்டு. ஆனால் இது நண்டு தின்னும் ஜாதி அல்ல. கறையான் புற்றைத் தோண்டி, மண்ணை ஊதித் தள்ளிவிட்டுக் கறையானை உறிஞ்சும் ஜாதி. உறிஞ்சுவதற்கு வசதியாக மேல்வரிசை முன்பற்களில் இரண்டை இயற்கையே எடுத்துவிட்டது. இதைப் பார்க்கப் படகு உதவாது. காட்டில் நேருக்கு நேர் பார்ப்பதோ புத்திசாலித்தனம் அல்ல. ஆகவே, கரடியை அதன் புற்றோடு விட்டுவிட்டுத் திமிங்கிலத்துக்கு வருவோம்.

ஊர் விட்டுப் போகாத திமிங்கிலம்

நீலத் திமிங்கிலங்கள் பொதுவாகக் குளிர்ந்த கடலில் மேய்ந்து, வெப்பக் கடலில் குட்டி போடுபவை. இலங்கைக் கடலில் உள்ளவையோ வருஷம் முழுவதும் வெப்பக் கடலிலேயே காலம் தள்ளுகின்றன. 2003-ல் இவற்றைக் கண்டு, பிறகு ஆராய்ந்து, உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் இலங்கைப் பெண்மணியான கடல் விஞ்ஞானி ஆஷா டி வோஸ். தென் கரையில் சற்றுத் தூரத்திலேயே கடல் ஆழமாகிவிடுகிறது. சின்னஞ்சிறு இறால்களும் ஏராளம். சோறு கிடைக்கும் இடத்தை விட்டு யார்தான் போவார்கள்?

மிரிசாவில் இந்தக் காட்சிக்கு ஏற்ற காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. விடிந்ததும் படகு புறப்படும். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் இஞ்சி மரப்பா எடுத்துப் போவது நல்லது. தொலைவில் இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலாக நீராவிப் புகை போல ஒன்று எழும்பும்; அதுதான் அதன் மூச்சு. பிறகு சாம்பல் நீல முதுகு தெரியும். தெரிந்துகொண்டே இருக்கும்! 70 அடிக்கு மேல் வளரும் உடம்பு. நம் நெடுஞ்சாலை லாரிகள் இரண்டை வரிசையாக நிறுத்திய நீளம். நாலைந்து முறை மூச்சு விட்டபின் வாலைத் தூக்கி உள்ளே இறங்கிவிடும். அது மறைந்த இடத்தில், எண்ணெய் ஊற்றியது போல் ஒரு வட்டம் மட்டும் சிறிது நேரம் அசையாமல் கிடக்கும். மறுபடி மேலே வரப் பத்து நிமிஷம் ஆகலாம். அதற்கு மேலும் ஆகலாம். கடிகாரம் செய்கிற ஊர்க்காரர்களுக்கு இது ஒரு சோதனைதான்!

அவசரத்தின் விலை

அந்தப் பத்து நிமிஷத்தைப் பொறுக்க முடியாமல்தான் வம்பு வருகிறது. ஒரு மூச்சுப் புகை தெரிந்ததும் பல படகுகள் விரட்டிக்கொண்டு போய்ச் சூழ்ந்துகொள்கின்றன என்ற புகார் நெடுநாளாக உண்டு. மூச்சு வாங்க மேலே வந்த பிராணி, போதுமான மூச்சு வாங்காமலே முழுகிவிடும். கனடாவில் 2018 விதிகளின்படி, பெரும்பாலான திமிங்கிலங்களிடமிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். குட்டியோடு இருந்தால் 200 மீட்டர்.

படகை விடக் கொடியது கப்பல். இலங்கையின் தென்கோடியான தேவேந்திர முனைக்கு அப்பால் செல்வது, உலகத்தின் நெரிசல் மிகுந்த கப்பல் வழிகளில் ஒன்று. திமிங்கிலம் மேயும் இடமும் அதுதான். கப்பல் மோதித் திமிங்கிலங்கள் மடிகின்றன. சானமாவுக் காட்டருகே, இரவில் ஓசூர் - கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையைக் கடக்கும் யானைக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். வாகனம் மோதி யானை இறந்த செய்தியை நாம் படித்ததில்லையா? அதே துயரம்தான் அங்கே தண்ணீரில் நடக்கிறது.

ஆனால் ஒரு நல்ல செய்தி. 2022-ல் எம்.எஸ்.ஸி. என்ற மாபெரும் சரக்குக் கப்பல் கம்பெனி, தன் கப்பல்கள் பழைய வழிக்குச் சுமார் 15 கடல் மைல் தெற்கே விலகிப் போக வேண்டும் என்று ஏற்பாடு செய்தது. மலை போன்ற கப்பல் விலகிப் போகிறது. நம் செல்போனும் நாமும் நூறு மீட்டர் விலகி நிற்கக் கூடாதா?

நம் காவிரியில் பழகலாம்

இந்தப் பொறுமையைப் பழக இலங்கை வரை போக வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் 2014-ல் காவிரி வடக்கு, 2022-ல் காவிரி தெற்கு என்று இரண்டு சரணாலயங்கள் அமைந்திருக்கின்றன. இரண்டும் சேர்ந்து 1,190 சதுர கிலோமீட்டர். ஆற்றில் முதலையும் நீர்நாயும் மென்மையான ஓடு கொண்ட ஆமையும் உண்டு. கரையோர நீர்மருதில் சாம்பல் நிறப் பெரிய அணில் தாவும். ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் போகலாம். அங்கே பரிசல் சவாரி அருவிக்காகத்தான், பிராணிகளுக்காக அல்ல. வெள்ளம் வந்தால் அதுவும் நிறுத்தப்படும். இருந்தாலும், கூச்சல் போடாமல் உட்கார்ந்து கரையைக் கவனிக்கும் குழந்தைக்கு ஏதாவது ஒன்று கண்ணில் படக்கூடும். இப்படிப் பழகிய குழந்தை, ஊரோரம் யானை வந்தால் கல்லெறியவோ, படமெடுக்கவோ ஓடாது.

படகுக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. "இன்னும் கிட்டே போ!" என்று நச்சரிப்பவர்கள் காசு கொடுத்த பிரயாணிகள்தான். மிரிசாவுக்குப் போகும் நேயர்கள், "இங்கேயே நிறுத்துங்கள், இது போதும்" என்று முதலில் சொல்பவர்களாக இருக்கட்டும். சிங்களம் தெரியாதே என்று கவலை வேண்டாம். கையைக் காட்டினால் போதும், படகு நிற்கும்.