செருகியதும் ‘டிங்’… புதுக் கருவியை கம்ப்யூட்டர் எப்படி அடையாளம் காண்கிறது?

நவம்பர் மாதம். விழுப்புரம் மாவட்டம், திண்டிவனம் பக்கத்தில் இருக்கும் பிரம்மதேசம் மாதிரியான ஓர் ஊரின் சேவை மையத்தை நினைத்துப் பாருங்கள். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் ஒரு மூதாட்டி, வாழ்நாள் சான்று பதிய வந்திருக்கிறார். விரலை வைக்கிறார். திரையில் அசைவே இல்லை.

“ஆயா, கொஞ்சம் இருங்க. மெஷின் எடுக்கல” என்கிறார் ஆபரேட்டர்.

“ரேகை தேஞ்சு போச்சோ என்னமோப்பா” என்று விரலைச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடியும் வைக்கிறார் அவர்.

வயதானவர்களுக்கு ரேகை தேய்வது உண்மைதான். ஆனால், சில நேரம் தப்பு விரலில் இருக்காது. ரேகைக் கருவி வந்து சேர்ந்ததே கம்ப்யூட்டருக்குத் தெரிந்திருக்காது. அப்படியென்றால், ஒரு கருவியைச் செருகியது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிகிறது?

வயரில் தொடங்கும் செய்தி

சாதாரண யுஎஸ்பி 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பிகள் இருக்கும். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. கருவி செருகப்படாதபோது தகவல் கம்பிகள் இரண்டிலும் மின்னழுத்தம் கிட்டத்தட்ட பூஜ்யம்தான்.

செருகியதும், கருவிக்குள் இருக்கும் 1.5 கிலோ ஓம் மின்தடை ஒன்று அந்த இரண்டில் ஒரு கம்பியின் மின்னழுத்தத்தை மேலே இழுக்கிறது. ‘யாரோ வந்திருக்காங்க’ என்பதற்கான முதல் அறிகுறி இதுதான். எந்தக் கம்பி உயர்கிறது என்பதை வைத்தே கருவி மெதுவானதா, வேகமானதா என்பதும் தெரிந்துவிடும்.

இந்த மாற்றம் கெர்னலுக்குப் போகிறது. கெர்னல் என்பது விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு என எல்லா இயங்குதளங்களுக்கும் உள்ளே உட்கார்ந்து வன்பொருளை நிர்வகிக்கும் மையப் பகுதி. அது உடனே வேலையை ஆரம்பிப்பதில்லை. செருகும்போது முனைகள் லேசாக ஆடும். இணைப்பு விட்டு விட்டு வரும். அதனால் சுமார் 100 மில்லிவிநாடி, அதாவது ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு, பொறுத்துப் பார்க்கிறது.

‘நீ யார்?’

அடுத்து, கருவியை கெர்னல் ஒருமுறை ரீசெட் செய்கிறது. புதிதாக வந்த எல்லாக் கருவிக்கும் முகவரி 0. பிறகு 1 முதல் 127-க்குள் தனி எண் ஒன்று கிடைக்கும்.

இதோடு ஒரு கேள்வியும் போகிறது: ‘நீ யார்?’ கருவி 18 பைட் நீளமுள்ள ஒரு குறிப்பை பதிலாக அனுப்புகிறது. டிஸ்கிரிப்டர் எனப்படும் இதை, கருவியின் விசிட்டிங் கார்டு என்றே சொல்லலாம். தயாரிப்பாளர் எண், மாடல் எண் எல்லாம் அதில் இருக்கும்.

இனி அந்தக் கருவியோடு பேசத் தெரிந்த ஆள் வேண்டும். அதுதான் டிரைவர். எந்தெந்த எண்களைத் தன்னால் கையாள முடியும் என்ற பட்டியலை ஒவ்வொரு டிரைவரும் வைத்திருக்கிறது. எண் பொருந்தினால் கெர்னல் அந்த டிரைவரை அழைத்துக் கருவியை ஒப்படைக்கிறது. பென்டிரைவ், கீபோர்டு போன்றவற்றுக்குப் பொதுவான டிரைவர்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கும். ரேகைக் கருவிகளுக்குப் பெரும்பாலும் நிறுவனம் தரும் டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும்.

எங்கே சிக்குகிறது?

இந்த வரிசை தெரிந்தால், ‘மெஷின் எடுக்கல’ என்பதன் காரணத்தை ஓரளவு நாமே கண்டுபிடிக்கலாம்.

• செருகியும் சத்தமே இல்லையா? கேபிள் அல்லது போர்ட்டைப் பாருங்கள்.

• விண்டோஸில் ‘டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரெக்வெஸ்ட் ஃபெயில்டு’ என்று வருகிறதா? வந்தது தெரிகிறது, விசிட்டிங் கார்டைத்தான் படிக்க முடியவில்லை. கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பார்க்கலாம்.

• டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு ‘கோட் 28’ வருகிறதா? டிரைவர் நிறுவப்படவில்லை.

• அங்கே எல்லாம் சரி, ஆனால் செயலி மட்டும் எடுக்கவில்லையா? ஆதாருக்கான ‘ஆர்டி சர்வீஸ்’ மென்பொருள் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இதில் பெரிய நிறுவனங்களும் சறுக்கியிருக்கின்றன. 1998 ஏப்ரலில் சிகாகோவில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சியில், பில் கேட்ஸ் மேடையில் இருக்கும்போதே விண்டோஸ் 98-இல் ஒரு ஸ்கேனரைச் செருகிக் காட்டினார் மைக்ரோசாஃப்ட் ஊழியர். அடுத்த சில நொடிகளில் திரை நீலமானது, அரங்கம் சிரித்தது. ஒரு சாதாரண செயலி முடங்கினால் அதோடு போகும். கெர்னலுக்குள் ஓடும் டிரைவர் தடுமாறினால் மொத்த கம்ப்யூட்டரும் நின்றுவிடும்.

சொன்னதை நம்பலாமா?

இந்த ஏற்பாட்டில் ஒரு ஓட்டை இருக்கிறது. ‘நீ யார்?’ என்று கேட்கும் கெர்னல், வரும் பதிலை அப்படியே நம்பிவிடுகிறது.

2014-இல் அமெரிக்காவில் நடந்த பிளாக் ஹாட் மாநாட்டில் ஜெர்மனியின் கார்ஸ்டன் நோல், யாகோப் லெல் ஆகியோர் இதை அம்பலப்படுத்தினர். பென்டிரைவின் உள்மென்பொருளை மாற்றி, ‘நான் கீபோர்டு’ என்று சொல்ல வைத்தனர். கம்ப்யூட்டரும் நம்பியது. பிறகு யாரும் தொடாமலே கட்டளைகள் தட்டச்சாகின. ‘பேட் யுஎஸ்பி’ என்ற பெயர் வந்தது அப்போதுதான். வழியில் கிடந்த பென்டிரைவைச் செருகக் கூடாது என்று சொல்வது இதற்காகவும்தான்.

ரேகை விஷயத்தில் இந்த நம்பிக்கை மட்டும் போதாது. அதனால்தான் ஆதார் ஆணையம் பதிவு செய்யப்பட்ட கருவிகளையே அனுமதிக்கிறது. ‘எல்1’ ரகக் கருவிகளில், ரேகைத் தகவல் கருவிக்குள்ளேயே டிஜிட்டல் கையொப்பமிடப்பட்டு, மறையாக்கம் செய்யப்பட்ட பிறகுதான் கம்ப்யூட்டருக்கு வருகிறது. விசிட்டிங் கார்டு நீட்டினால் மட்டும் பத்தாது, நிரூபிக்கவும் வேண்டும்.

இத்தனையும் பெரும்பாலும் ஓரிரு விநாடிகளில் முடிந்துவிடும். முடியாதபோதுதான் ஆயா விரலைத் துடைத்துத் துடைத்து வைக்க வேண்டியிருக்கிறது. அடுத்த முறை ‘ரேகை விழல’ என்று யாரையாவது திருப்பி அனுப்பும் முன், கருவியைக் கழற்றி ஒருமுறை செருகிப் பாருங்கள். ‘டிங்’ சத்தம் கேட்கிறதா?