கண்ணுக்கும் மூச்சு வேண்டும்!

குழந்தை பிறந்து ஐம்பது நாள் ஆகியிருந்த சமயம். ராத்திரி மூன்று தடவையாவது எழுந்து பால் கொடுக்க வேண்டும். காண்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டால் இருட்டில் எனக்கு ஒன்றுமே தெரியாது. ‘கிடக்கட்டும், காலையில் எடுத்துக்கலாம்’ என்று அப்படியே தூங்கிவிடுவேன். ஒரு வாரம் இப்படியே ஓடியது.

ஒரு விடியற்காலை கண்ணைத் திறக்க முடியவில்லை. மண் விழுந்த மாதிரி உறுத்தல். விளக்கைப் பார்த்தால் கூசி, நீராய்க் கொட்டியது.

“என்னடி இது, கண்ணு ரெண்டும் கோவைப் பழமா சிவந்து கிடக்கு! ரெண்டு சொட்டு தாய்ப்பால் விட்டா சரியாயிடும்” என்றாள் அம்மா. நல்லவேளை, என் கணவர் அதற்கு இடம் கொடுக்காமல் உடனே கண் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார்.

“லென்ஸோடயே தூங்கறீங்களா?” அவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். மஞ்சள் மருந்து விட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு பொறுமையாக விளக்கினார்.

கருவிழியின் மேல் கண்ணாடி போல இருக்கும் கார்னியாவில் ரத்தக் குழாயே கிடையாது. இருந்தால் பார்வையை மறைக்குமே! அதனால் அது பிராணவாயுவைக் காற்றிலிருந்து, கண்ணீர் வழியாக எடுத்துக் கொள்கிறது. தூங்கும்போது இமையின் உட்புற ரத்தக் குழாய்கள்தான் கொடுக்கின்றன. அதுவும் விழித்திருக்கும்போது கிடைப்பதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். அதற்கு மேல் லென்ஸும் மூடிக் கொண்டால்?

கார்னியாவின் மேல்தோலில் காக்ஸ்-2, சைட்டோக்ரோம் பி-450 வகை என்ஸைம்கள் பெருகுகின்றன. அங்குள்ள ஒரு கொழுப்பு அமிலத்தை, சிவப்பும் வீக்கமும் உண்டாக்கும் பொருள்களாக அவை மாற்றுகின்றன. முயல்களுக்கு லென்ஸ் வைத்து, இமையை மூடிப் பார்த்த ஆராய்ச்சிகளில் தெரிய வந்தது இது. இப்படியே நீடித்தால் கார்னியாவுக்குள் புது ரத்தக் குழாய்கள் முளைத்து, தெளிவே போய்விடலாம்.

கிருமி பயம் வேறு. அமெரிக்காவில் 1989-ல் வெளியான கணக்குப்படி, வருஷத்துக்கு 10,000 பேரில் லென்ஸைப் பகலில் மட்டும் போட்டவர்களில் சுமார் 4 பேருக்குக் கார்னியாவில் புண் வந்தது. அதோடு தூங்கியவர்களில் சுமார் 21 பேருக்கு! 1999 முதல் வந்த சிலிக்கோன் ஹைட்ரோஜெல் லென்ஸ் பிராணவாயுவை நிறைய விடுகிறது. ஆனாலும் தூங்குகிறவர்களுக்குக் கிருமி பயம் குறையவில்லை.

“இன்னும் புண்ணாகலே. ரெண்டு நாள் விட்டிருந்தா தழும்பே விழுந்திருக்கும்” என்றார் டாக்டரம்மா. குழந்தையின் முகம்தான் என் நினைவுக்கு வந்தது. சொட்டு மருந்தும், மூக்குக் கண்ணாடியுமாக மூன்று வாரம் ஓட்டினேன்.

லென்ஸ் போடும் சகோதரிகளே, படுக்குமுன் கழற்றிவிடுங்கள். பகலில் குழந்தையோடு கண்ணயர்ந்தாலும் சரி, இதேதான். குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவாதீர்கள். சிவப்பு, வலி, கூச்சம் என்றால் லென்ஸை எடுத்துவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள். தாய்ப்பாலோ, கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தோ வேண்டாம்.

இப்போதெல்லாம் என் கண்ணாடி, தலையணைக்குப் பக்கத்திலேயே டப்பாவில் இருக்கிறது. இருட்டில் கை நீட்டினால் போதும்.