ஒரு நாள் விருந்தும் அன்றாட உணவும்

பண்டிகை நெருங்கும்போது ஏழைக் குழந்தைகளை நினைப்பது எல்லா நாடுகளிலும் உள்ள நல்வழக்கம். புத்தாடையும் பலகாரமும் இல்லாத வீட்டுக் குழந்தை வாசலில் நின்று பிற குழந்தைகளைப் பார்க்கும் பார்வை எவர் மனத்தையும் உருக்கும். ஆகவே நம்மால் இயன்றதைக் கொடுக்கிறோம். பண்டிகை கழிந்ததும் அக்குழந்தையை மறந்தும் விடுகிறோம். அவ்வாறு மறந்து விடாமல், "நாளைக்கு இந்தக் குழந்தை என்ன சாப்பிடும்?" என்று கேட்கத் துணிந்த ஓர் ஊரின் வரலாற்றை அங்கத்தினர்களுக்கு எடுத்துக் கூற விரும்புகிறோம். அது நம்மைப் போன்ற நெசவாளர்கள் நிறைந்த ஊராகும்.

தறிகளின் நகரம்

கூட்டுறவாளர் அனைவரும் ராச்டேல் நகரை அறிவர். 1844-ம் ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி அங்கே தொழிலாளர் சிலர் ஒன்றுகூடித் திறந்த சிறு கடையே நம் இயக்கத்தின் முன்னோடி. அந்நகருக்குக் கிழக்கே, பென்னைன் மலைத்தொடருக்கு அப்பால், யார்க்ஷயர் மாகாணத்தில் பிராட்போர்டு என்னும் நகரம் உள்ளது. ராச்டேல் வட்டாரம் பருத்திக்குப் பெயர் பெற்றது என்றால், பிராட்போர்டு கம்பளி நூலுக்கும் கம்பளித் துணிக்கும் உலகப் புகழ் பெற்றது. சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் இறுதியில் அந்நகரில் ஆலைப் புகைபோக்கிகள் காடு போல் ஓங்கி நின்றன.

ஆலைகள் செழித்த ஊரில் குழந்தைகள் செழிக்கவில்லை. அக்காலத்தில் "அரை நேரத் தொழிலாளர்" என்றொரு முறை சட்டப்படியே நிலவியது. பத்து வயதுக் குழந்தை பகலில் பாதி நேரம் ஆலையில் உழைத்து, மறு பாதியைப் பள்ளியில் கழிக்கும். விடியுமுன் எழுந்து ஆலைக்குச் சென்ற சிறுவன் பிற்பகலில் பாடப் புத்தகத்தின் மீதே தூங்கி விழுவான். இந்த முறை முற்றிலும் ஒழிய 1918-ம் ஆண்டுக் கல்விச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கிறிஸ்துமஸுக்கு வந்த அறிவிப்பு

1890-ம் ஆண்டு டிசம்பர் மாதம். பிராட்போர்டின் மானிங்ஹாம் ஆலை பட்டும் வெல்வெட்டும் நெய்யும் மாபெரும் ஆலை. அமெரிக்கா அவ்வாண்டு இறக்குமதித் தீர்வையைக் கடுமையாக உயர்த்தியதைக் காரணம் காட்டி, ஆலை அதிபர் சாமுவேல் லிஸ்டர் கூலியைக் குறைப்பதாக அறிவித்தார். பண்டிகைக்குச் சில நாட்களே இருந்தன. தொழிலாளர் வேலையை நிறுத்தினர். நாளடைவில் சுமார் 5,000 பேர் வெளியே நின்றனர். 1891-ம் ஆண்டு ஏப்ரல் இறுதி வரை, ஏறக்குறைய 19 வாரங்கள் போராட்டம் நீடித்தது. முடிவில் பசியே வென்றது. குறைந்த கூலிக்கே அவர்கள் திரும்ப நேர்ந்தது.

குடும்பத்தலைவன் கூலி இழந்தால் முதலில் குறைவது குழந்தையின் தட்டிலுள்ள உணவுதான் என்பதை நெசவாளர் வீட்டில் பிறந்தவருக்கு விளக்க வேண்டியதில்லை.

சிண்டரெல்லா சங்கம்

அதே 1890-ம் ஆண்டில்தான் பிராட்போர்டில் "சிண்டரெல்லா சங்கம்" தோன்றியது. இதற்கு வித்திட்டவர் ராபர்ட் பிளாட்ச்போர்டு என்னும் பத்திரிகையாளர். அவர் இளமையில் ஹாலிபாக்ஸ் நகரில் தூரிகை செய்யும் தொழிலில் பயிற்சியாளராக இருந்தவர்; உழைப்பாளர் வாழ்வை நேரில் அறிந்தவர். சேரிக் குழந்தைகளுக்கு உணவும் மகிழ்ச்சியும் அளிக்க வேண்டுமென்று அவர் எழுதியதன் பயனாக, மாஞ்செஸ்டரில் முதல் சங்கம் அமைந்தது. பின்னர் 1891-ல் அவர் தொடங்கிய "கிளாரியன்" வார இதழின் வாசகர்கள், தொழிற்சங்கத்தார், பள்ளி ஆசிரியர்கள் போன்றோர் பல ஊர்களில் இப்பணியை மேற்கொண்டனர்.

அடுப்பங்கரைச் சாம்பலில் கிடந்த சிண்டரெல்லா என்னும் சிறுமி, ஒரே ஓர் இரவு அரண்மனை விருந்துக்குச் சென்ற கதை மேனாட்டுக் குழந்தைகள் அனைவரும் அறிந்தது. அவள் பெயரால் அமைந்த சங்கங்கள், குளிர்கால மாலைகளில் ஏழைக் குழந்தைகளை ஒரு மண்டபத்தில் கூட்டி, வயிறாரச் சூடான உணவளித்து, பாட்டும் கதையும் வேடிக்கையுமாக மகிழ்வித்து அனுப்பின. சேர்ந்த பணம் பெரும்பாலும் சில்லறைக் காசுகள்தாம். அதனால் அதன் மதிப்புக் குறைந்து விடவில்லை. தனக்கே போதாத கூலியிலிருந்து ஒரு பென்னியை எடுத்துக் கொடுப்பவன், தன் பிள்ளையின் பசியையும் பிறர் பிள்ளையின் பசியையும் ஒன்றாகக் காண்கிறான்.

ஆயினும் அக்கதையில் ஒரு குறிப்பு உண்டு. நள்ளிரவு மணி அடித்ததும் சிண்டரெல்லாவின் அழகிய வண்டி மீண்டும் பூசணிக்காயாகி விடுகிறது. விருந்து முடிந்த மறுநாள் காலையில் அக்குழந்தைகளும் வெறும் வயிற்றுடனேயே பள்ளிக்குச் சென்றனர். விருந்து படைத்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்து கொண்டதே அவர்களைச் சிந்திக்கச் செய்தது.

தர்மத்திலிருந்து சட்டத்துக்கு

1893-ல் பிராட்போர்டுக்கு வந்த மார்கரெட் மக்மில்லன் என்னும் பெண்மணி, மறு ஆண்டே நகரப் பள்ளிக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பசித்த குழந்தைக்குப் பாடம் ஏறாது என்று அவர் ஓயாமல் வாதாடினார். பிரெட் ஜோவெட் என்பவர் எட்டாவது வயதிலேயே அரை நேரத் தொழிலாளியாக ஆலைக்குள் நுழைந்தவர். 1892-ல் நகர சபை உறுப்பினரானார். 1906-ல் பாராளுமன்றம் சென்றார். பசி என்பது அவருக்குப் புள்ளிவிவரமன்று, சொந்த அனுபவம்.

எதிர்ப்பும் பலமாகவே இருந்தது. "குழந்தைக்குச் சோறு போடுவது பெற்றோர் கடமை, ஊரார் போட்டால் பெற்றோர் பொறுப்பற்றவராகி விடுவர்" என்றனர் சிலர். ஏழைகள் நிவாரணச் சட்டப்படி உதவி பெறலாமே என்றனர் வேறு சிலர். ஆனால் அச்சட்டத்தின்கீழ் உதவி பெறுவோர் வாக்குரிமையை இழக்க நேரிடும். பிள்ளைக்கு ஒரு கவளம் உணவு பெறத் தகப்பன் தன் குடியுரிமையைக் கொடுக்க வேண்டுமா என்பதே அன்று எழுந்த கேள்வி.

1906-ம் ஆண்டில் பள்ளி உணவுச் சட்டம் நிறைவேறியது. அதற்கான மசோதாவைக் கொண்டுவந்த டைசன் வில்சன், தச்சுத் தொழிலாளியாக இருந்து பாராளுமன்ற உறுப்பினரானவர். முதலில் நன்கொடைகளைக் கொண்டு குழந்தைகளுக்கு உணவளிக்க வேண்டும்; அது போதாவிடில், வரிமதிப்பில் பவுனுக்கு அரைப் பென்னி வரை வரிப்பணத்தைச் செலவிடலாம் என்று சட்டம் அனுமதித்தது. உணவுக்குரிய பணத்தைச் செலுத்த இயலாத பெற்றோர் அதன் காரணமாக எந்த உரிமையையும் இழக்க மாட்டார் என்றும் அச்சட்டம் உறுதி கூறியது. தொண்டர்கள் இட்ட அடித்தளத்தின் மீதே சட்டம் எழும்பியது என்பது கவனிக்கத்தக்கது.

தராசு கூறிய உண்மை

1907-ம் ஆண்டில் பிராட்போர்டின் பள்ளி மருத்துவர் ரால்ப் குரோலி ஒரு சோதனை நடத்தினார். சுமார் 40 ஏழைக் குழந்தைகளுக்குக் காலையில் ஓட்ஸ் கஞ்சி, ரொட்டி, பால் முதலியனவும், நண்பகலில் முழு உணவும் அளித்து, அவர்களைத் தவறாமல் நிறுத்துப் பார்த்தார். உணவு பெறாத குழந்தைகளைவிட இவர்கள் விரைவாக எடை கூடினர். இடையில் பெந்தெகொஸ்தே திருநாளுக்காகப் பள்ளி ஒரு வாரம் மூடப்பட்டது, உணவும் நின்றது. பள்ளி திறந்ததும் நிறுத்துப் பார்த்தால், எடை குறைந்திருந்தது! மீண்டும் உணவளித்ததும் எடை ஏறியது.

ஊரெல்லாம் கொண்டாடும் விடுமுறையில்தான் ஏழைக் குழந்தை இளைத்தது. நூறு பிரசங்கங்கள் உணர்த்தாததைத் தராசு உணர்த்தி விட்டது.

அதே ஆண்டு அக்டோபரில், கிரீன் லேன் பள்ளியில் பொதுச் சமையற்கூடம் திறக்கப்பட்டது. புதிய சட்டத்தைச் செயற்படுத்துவதில் பிராட்போர்டு நாட்டுக்கே வழிகாட்டியது. அங்கே சமைத்த உணவு நகரின் பல இடங்களிலுள்ள உணவுக்கூடங்களுக்கு வண்டிகளில் சென்றது. மேசைகளில் துணி விரித்து, பூக்கள் வைத்து, மூத்த சிறுமிகள் இளையோருக்குப் பரிமாறினர். இது வீண் ஆடம்பரமன்று. "நீ பிச்சை உண்ணவில்லை, விருந்தினனாக உண்ணுகிறாய்" என்பதைச் சொல்லாமல் சொல்லும் முறை அது.

1914-ம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. அரைப் பென்னி என்ற வரம்பு நீங்கியது. பள்ளி நடைபெறாத நாட்களிலும், அதாவது விடுமுறை நாட்களிலும், உணவளிக்க அனுமதி பிறந்தது. ஒரு மாலை விருந்தாகத் தொடங்கிய நற்பணி, ஆண்டின் எல்லா நாட்களையும் எட்டும் நிலைக்கு வந்தது.

சட்டம் வந்ததும் சிண்டரெல்லா சங்கம் கலைந்து விடவில்லை. உணவுப் பொறுப்பை நகரம் ஏற்றபின், பிற தேவைகளில் அது கருத்தைச் செலுத்தியது. மோர்கம்பே விரிகுடாக் கரையில் விடுமுறை இல்லம் நடத்தி, புகை சூழ்ந்த சந்துகளில் வளர்ந்த குழந்தைகளுக்குக் கடற்காற்றை அளித்தது. மானிங்ஹாம் ஆலை 1992-ல் மூடப்பட்டது. தொழிலாளர் காசில் தோன்றிய சிறு சங்கமோ நூறாண்டு நிறைவு கண்டது.

நமக்குரிய பாடம்

அங்கத்தினர்களே! பண்டிகைக்குக் கொடுப்பது சிறிது என்று எவரும் தயங்க வேண்டாம். ஒரு மாலையேனும் ஒரு குழந்தை வயிறாரச் சிரித்தால் அது பெரும்பேறே. ஆனால் கொடுத்த கை அத்துடன் ஓய்ந்து விடலாகாது. எத்தனை குழந்தைகள் வந்தனர், எந்தத் தெருவிலிருந்து வந்தனர், மறுநாள் அவர்கள் நிலை என்ன என்று சங்கக் குறிப்பேட்டில் எழுதி வைப்போம். அடுத்த பொதுக்கூட்டத்தில் அக்குறிப்பைப் படிப்போம். ஒருவர் கொடுப்பது ஈகை. பலர் கூடிக் கணக்கு வைத்து இடைவிடாமல் கொடுப்பது கூட்டுறவு. கொடுக்கும்போது, பெறும் குழந்தை தலை குனியாதபடி கொடுப்போமாக.

ஓர் இழையை எவரும் எளிதில் அறுத்து விடலாம். பல இழைகள் பாவும் ஊடையுமாகக் கூடிய பின்னரே அது ஒரு குழந்தையின் மேனியை மூடும் ஆடையாகிறது. இதை நெசவாளருக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.