தேயிலையின் சாட்சிகள்

திருவனந்தபுரத்திலிருந்து கல்லாற்றைக் கடந்து, 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் பொன்முடிக்குச் செல்பவர்கள், மலைச்சரிவில் வளரும் தேயிலைச் செடியின் முற்றிய இலையொன்றைக் கையிலெடுத்து நோக்கினால், அதன் ஓரத்து ரம்பப் பற்களையும், கிளை நரம்புகள் விளிம்பைத் தொடுமுன்னரே வளைந்து ஒன்றோடொன்று கூடுவதையும் வெறுங்கண்ணாலேயே காணலாம். போலி இலையிலிருந்து மெய்யிலையைப் பிரித்தறிய இந்த அடையாளங்களே முதற்சாட்சிகளாயின.

பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் தேயிலைக்கு வரியும் விலையும் மிகுந்திருந்தமையால், வேலிகளில் வளரும் முட்செடிகளின் இலைகளைப் பறித்து, வேகவைத்து, சூடான தகட்டில் உலர்த்திச் சுருட்டி, பச்சைத் தேயிலையென்று தோன்றும்பொருட்டுச் செம்புக் களிம்பை ஏற்றி விற்கும் கொடுமை ஒரு தொழிலாகவே நடந்துவந்தது. ஜெர்மனியில் பிறந்து லண்டனில் வாழ்ந்த ரசாயன பண்டிதர் பிரடெரிக் அக்கும், உணவுக் கலப்படத்தைப் பற்றி 1820-இல் வெளியிட்ட நூலில், அந்தக் களிம்பைக் கண்டுபிடிக்க எளிய உபாயம் ஒன்றைச் சொன்னார். நீர் கலந்த அமோனியாத் திரவத்தில் ஐயத்திற்குரிய இலையை இட்டுக் குலுக்கினால், அற்ப அளவு செம்பு இருந்தாலும், அது அமோனியாவோடு சேர்ந்து திரவத்தை நீலமாக்கிவிடும். தண்டனையடைந்த வியாபாரிகளின் பெயர்களையும் அவர் அச்சேற்றினார். அந்தத் துணிவை அவருடைய ரசாயனத்தினும் மேலாக நான் மதிக்கிறேன்.

ஆயினும் வஞ்சகம் ஒரே சாயத்தை நம்பியிருப்பதில்லை. 1840-களில் சீனத்தில் சுற்றிய ராபர்ட் பார்ச்சூன், ஏற்றுமதிக்கான பச்சைத் தேயிலைக்குப் பிரஷ்ய நீலமும் ஜிப்சமும் பூசப்படுவதை நேரில் கண்டார். செம்பே இல்லாத அந்தப் பூச்சு அமோனியாவுக்கு அகப்படாது. 1851 முதல் லான்செட் சஞ்சிகையின் ஆதரவில் ஆர்தர் ஹில் ஹாசல் என்ற மருத்துவர் நுண்பெருக்கியைக் கொண்டு கடைச்சரக்குகளை ஆராய்ந்தபோதுதான் பரிசோதனை புதியதொரு வழியில் திரும்பியது. தேயிலையைப் பொடியாக்கினாலும், சதைக்குள் கிளைவிட்டுக் கிடக்கும் அதன் கடின உயிரணுக்கள் சிதையாமல் நின்று தம்மை அறிவித்துக்கொள்கின்றன. பிற இலையின் தூளில் அவற்றை அப்படியே அமைத்துக் காட்ட எந்த வியாபாரியாலும் இயலாது.

இந்தச் சாட்சியும் வாயடைத்து நிற்கும் இடம் ஒன்றுண்டு. ஒருமுறை வடித்தெடுத்த சக்கையை உலர்த்திச் சாயமேற்றினால், அதில் உயிரணுக்கள் மெய்யானவை. சாரம் மட்டுமே இல்லை. ஆதலால் கொதிநீரில் இலை விடும் சாரத்தை அளப்பதே இங்கு நியாயமான சோதனை. நமது நாட்டில் 1954-இன் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தை ஒட்டிய தரவிதிகள், உலர்ந்த தேயிலையில் அது 32 விழுக்காட்டிற்குக் குறையலாகாது என்றன. சக்கையைப் போலவே, கொல்லத்து ஆலைகளில் முந்திரிப்பருப்பிலிருந்து உரிக்கும் செந்தோலும், துவர்ப்பும் நிறமும் மிகுந்ததாகையால், தேயிலைத் தூளில் கலப்பதற்கு உதவுகிறது. இலையைவிடத் தூளில்தான் இத்தகைய கலப்படங்கள் எளிதில் மறைகின்றன. மலிவான தூளை வாங்கிக் குடிப்பவரோ, கொழுந்து பறித்த கூலியைக்கொண்டு குடும்பம் நடத்தும் ஏழைகள். இதைவிடக் கொடிய அநீதியை நான் அறியேன்.

சாயத்தைக் கண்டறிய வீட்டிலேயே இயலும். வெண்பீங்கான் தட்டில் நீற்றிய சுண்ணாம்பைப் பரப்பி, அதன்மேல் தூளைத் தூவினால், நிலக்கரித் தார்ச்சாயம் கலந்திருக்குமாயின் சிவப்போ ஆரஞ்சோ சுண்ணாம்பில் பரவும். நல்ல தூளானால், சற்று நேரம் சென்றபின் பச்சை கலந்த இளமஞ்சள் மட்டுமே தோன்றும்.