லாரியின் பில்டர் விளக்கு எரிகிறதா? லேப்டாப்பை எடுங்கள்!

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளின்படி தயாரான பெரும்பாலான டீசல் லாரிகளில் டி.பி.எப். என்ற புகை பில்டர் உள்ளது. இது கரித்துகளைப் பிடித்து வைத்து, சுமார் 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எரித்துவிடும். இதற்கான எச்சரிக்கை விளக்கு எரிந்தவுடன் பில்டரை மாற்ற வேண்டாம். அது விலை உயர்ந்த பொருள். முதலில் கம்ப்யூட்டரில் சோதியுங்கள்.

1. பல கனரக லாரிகளில் 24 வோல்ட் பேட்டரி இருக்கும். கார்களுக்கான 12 வோல்ட் அடாப்டரைச் செருகாதீர்கள்; லாரிக்குரிய அடாப்டரையும் சாப்ட்வேரையும் பயன்படுத்துங்கள்.

2. சாவியை ஆன் செய்து, பிழைக் குறியீடுகளைப் படித்து சேவ் செய்யுங்கள். எஸ்.பி.என். 3251 என்று வந்தால், அது பில்டரின் இரு பக்க அழுத்த வேறுபாட்டைக் குறிக்கும்.

3. இன்ஜின் ஓடாதபோது இந்த வேறுபாடு பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். இல்லையென்றால் சென்சார் அல்லது வயரில் கோளாறு இருக்கலாம். இன்ஜினை முடுக்கியும் அளவு ஏறவில்லையா? சென்சாரின் ஹோஸ் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள்.

4. சென்சார் சரியாக இருந்து கரி அளவு அதிகமென்றால், லாரியின் கையேட்டில் உள்ளபடி கரியை எரிக்கும் ரீஜெனரேஷனை இயக்குங்கள். அப்போது புகைக்குழாய் கடுமையாகச் சூடாகும். அருகில் காய்ந்த புல், எரிபொருள் இருக்கக் கூடாது. எரிந்த பின் தங்கும் சாம்பல் இதில் போகாது. பில்டரைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

குறியீட்டை அழித்தால் விளக்கு அணையலாம். ஆனால் பில்டரில் உள்ள கரி அப்படியேதான் இருக்கும்!